பத்து காஜாவில் இறங்கியவர்கள்

"ஒரு மாசமா இவர் ஒருத்தர்கிட்டயே பேசிக்கிட்டு இருக்கேன். அலுத்துப்போச்சு அக்கா."

ஈப்போவில் புறப்பட்ட ரயிலில் என் எதிரே இருந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அருகிலிருந்த அவள் கணவர் சங்கடமாகச் சிரித்தார். கும்பகோணத்துக்காரர்கள். ஊர் பார்க்கக் கப்பலேறி வந்து, பினாங்கிலிருந்து ஒவ்வொரு ஊராகத் தங்கித் தங்கி வருகிறார்களாம்.

அவள் பேசியது ஜன்னலோரம் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து அம்மாளிடம்.

"அப்ப பத்து காஜாவுல எங்கூட இறங்கிடுலா தங்கச்சி. எங்க வீட்டுல நாலு நாள் இருந்துட்டுப் போலாம்."

"சுங்காய்க்கு டிக்கெட் எடுத்தாச்சே" என்றார் கணவர்.

அந்த அம்மாளின் குரல் தணிந்தது. "நாங்க பால்மரம் வெட்டுற ஆளுங்க. எங்க வீட்டுல கை நனைப்பீங்களோ என்னமோ."

"நான் நனைப்பேன் அக்கா. இவரைத்தான் கேக்கணும்."

கணவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஈயச் சுரங்கக் குட்டைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பத்து காஜா நெருங்கி வண்டி வேகம் குறைந்தபோது அவர் எழுந்து, மேலேயிருந்த தகரப் பெட்டியை இறக்கினார்.

"காரம் மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடுங்கம்மா" என்றார்.

மூவரும் இறங்கி நடந்தார்கள். வண்டி நகரும்போது அந்த அம்மாளின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"ஆமா, உன் பேரு என்னம்மா?"