பாலத்துக்கு முன்னால் இறங்கியவர்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலைப் பேருந்து. வெளியே பனியில் வயல் எது, சாலை எது என்று தெரியவில்லை. முன் இருக்கையில் இருந்தவர் நடத்துநரிடம், "பாலம் வந்தா நிறுத்துப்பா, நான் நடந்தே வரேன்" என்றார்.

"புதுப் பாலம்தானேய்யா, என்ன பயம்?"

"அதுக்குக் கலவை போட்டவனே நான்தான்பா. சிமெண்டுல பாதி பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு மாடிக்குப் போச்சு. கேட்டா வேலை போயிடும்னு மணலை அள்ளி அள்ளிக் கலந்தேன்."

"அதான் கைப்பிடிச் சுவர் இடிஞ்சுதா?"

"என் பொண்ணு அதுமேல சாஞ்சுக்கினு நின்னாப்பா. சுவரோட அவளும் போயிட்டா."

பாலம் வந்ததும் நடத்துநர் விசில் ஊதிப் பேருந்தை நிறுத்தினார். யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கிப் பனிக்குள் நடந்தோம். காலிப் பேருந்து பின்னால் மெல்ல ஊர்ந்து வந்தது. சுவர் இல்லாத இடத்தில் அவர் நின்றுவிட்டார். அக்கரையில் ஏறி உட்கார்ந்த பிறகும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.