மார்பில் கைவைத்துக் கடக்கும் வாசல்

ஏப்ரல் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். நெடுஞ்சாலையிலிருந்து தனியாகப் பிரிந்து போகும் சாலையின் முடிவில் இருக்கிற ஆயத்த ஆடைக் குடோனின் ஆறாம் வாசலை, வேலை முடிந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் கடந்தார். வாசலின் மேலே பொருத்தியிருந்த கருவி ஒரு முறை ஒலித்தது.

இதை எங்களுக்குச் சொன்னவர் எங்கள் வேன் ஓட்டுநர். செய்தி ஒன்றுக்காகப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. நல்ல மழை. விடியாமல் யாரும் வந்து மரத்தை வெட்டப்போவதில்லை. வேனுக்குள் நான், என்னோடு வேலை செய்கிற பெண் நிருபர், படம் எடுக்கிற தம்பி, ஓட்டுநர். பேட்டரி போய்விடும் என்று உள்விளக்கையும் அணைத்தாகிவிட்டது.

"பேய்க் கதை ஏதாச்சும் எடுத்து விடுங்கண்ணே. பசியாவது மறக்கும்" என்றான் தம்பி.

"பேயான்னு எனக்குத் தெரியாதுப்பா. என் சிநேகிதனோட அக்காவுக்கு நடந்தது. அந்த அக்கா வீட்டுக்காரரே என்கிட்ட சொன்னது."

அந்தக் கணவனையும் மனைவியையும் ஓட்டுநர் கடைசிவரை அத்தான், அக்கா என்றே சொன்னார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் குடோனில் ஒவ்வொரு துணியிலும் ஒரு டேக் உண்டு. நகத்தளவு சில்லு, அதைச் சுற்றி வெள்ளிக்கோடு போல ஒரு கம்பி. பெட்டியைப் பிரித்து எண்ண வேண்டியதில்லை. அடுக்கியபடியே வாசலைக் கடந்தால் போதும்; மேலேயிருக்கும் ரீடர் ரேடியோ அலையை அனுப்பி உள்ளே இருக்கிற அத்தனை டேக்கையும் ஒரே மூச்சில் எண்ணிவிடும். கடைக்குப் போக வேண்டிய நானூறு, நானூறாகவே இருந்தால் பச்சை விளக்கு. ஒன்று கூடினாலும் ஒலி எழும். லாரி நின்றுவிடும்.

தொல்லை வேலைக்காரர்களின் கோட்டில்தான் வந்தது. விற்பனைக்குத் தைத்ததில் மிஞ்சிய நீலக் கோட்டையே நிர்வாகம் சீருடையாகக் கொடுத்துவிட்டது. இடது மார்புப் பைக்குள் டேக்கை வைத்துத் தைத்திருந்தார்கள். யார் கடந்தாலும் எண்ணிக்கையில் ஒன்று கூடியது. அந்த எண்களைக் கணினியில் விலக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். ஆகட்டும் என்றார்கள், ஆகவில்லை.

கடைசியில் வேலைக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரேடியோ அலைக்குத் தண்ணீர் ஆகாது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். டேக்கை உள்ளங்கையால் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு நடந்தால் ரீடருக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். மாலையில் எல்லோரும் வலக்கையை இடது மார்பில் வைத்துக்கொண்டு வரிசையாக வெளியே வருவார்கள். ஒருமுறை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள், தங்களுக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கைவைத்துக்கொண்டு நின்றார்களாம்.

தம்பி சிரித்தான். ஓட்டுநர் சிரிக்கவில்லை.

ஆறாம் வாசலில் உட்கார்ந்து விளக்கைப் பார்ப்பது அத்தானின் வேலை. அக்கா அதே குடோனில் பேக்கிங் பிரிவு.

அந்த ஏப்ரல் வெள்ளிக்கிழமை ஒலித்தது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு. பெரிய குரல். பீரங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கை மார்பில்தான் இருந்தது. திரும்பிப் போய் மறுபடி கடக்கச் சொன்னார் அத்தான். ஒலித்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார். ஒலித்தது.

"என்ன பீரங்கி, உள்ள சரக்கு ஒண்ணும் இல்லையா? வெறும் சட்டைதான் நடந்து வருதா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பீரங்கியும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் வேறு கோட்டு கொடுத்தார்கள். அதுவும் ஒலித்தது. செவ்வாய்க்கிழமை காலை பீரங்கி படுக்கையிலிருந்து எழவில்லை.

யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. போட என்ன இருக்கிறது? ஜூனில் தரம் பார்க்கிற பெரியவர் ஒருவருக்கு ஒலித்தது. மழைக்காலம், இரும்பு அடுக்குகள், அலை எங்கேயோ பட்டுத் திரும்புகிறது என்று பழுது பார்க்க வந்த பொறியாளர் விளக்கினார். நல்ல விளக்கம்தான். ஒரு வாரத்தில் அந்தப் பெரியவர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அதனால் முடிச்சு விழுந்ததும் அவர் ஒருவர் மனதில்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம்.

ஆகஸ்ட் மாதம். மாலை. பேக்கிங் பிரிவுப் பெண்கள் பேசிக்கொண்டே வருகிறார்கள். முதலில் ஒருத்தி... அடுத்து ஒருத்தி... அடுத்து அக்கா. இடுப்பில் சாப்பாட்டுப் பை, மார்பில் கை.

ஒலித்தது.

மழை வேன் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"அத்தான் என்ன பண்ணாரு?" என்று கேட்டார் பெண் நிருபர்.

"என்ன பண்ணுவாரு? 'கையை நல்லா அழுத்து'ன்னாரு. அக்கா அழுத்துனாங்க. ஒலிச்சுது. 'இன்னும் அழுத்து'ன்னாரு. 'இதுக்கு மேல அழுத்துனா எலும்பு உடஞ்சிடும், பரவாயில்லையா'ன்னாங்க. பின்னால நின்னவங்க எல்லாம் சிரிக்கறாங்க. இவரு மட்டும் நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு."

மறுநாளே விடுப்புப் போட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ரத்தம், இதயம், எல்லாவற்றையும் பார்த்தார்கள். எல்லாம் சரி. "எதுக்காக வந்திருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்டார். "சும்மா, ஒரு தடவை பாத்துடலாம்னு" என்றார் அத்தான். மருத்துவர் அக்காவைப் பார்த்து, "குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார்.

வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். காரணம் கேட்டால் சொல்ல முடியாது. அக்கா போனாள். வாசல் தினமும் ஒலித்தது. லாரிகள் நின்றன. சூப்பர்வைசர் கடுப்பாகித் தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டு, அக்காவின் கோட்டு எண்ணை மட்டும் கணினியில் விலக்க வைத்தார். வருஷக்கணக்காக நடக்காதது ஒரே மதியத்தில் நடந்துவிட்டது.

"இனிமே உன் வீட்டம்மா கையை வீசிக்கிட்டே போகலாம்யா" என்றார் அத்தானிடம்.

அன்று மாலை அக்கா கடந்தாள். பச்சை விளக்கு. அத்தானுக்கு அதைப் பார்க்கத்தான் இன்னும் பயமாக இருந்தது. ஒலிக்கும்போது தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

வேறு சிலவும் அவர் கண்ணில் பட ஆரம்பித்தன. நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வருகிறவளிடம் வியர்வை வாசனை இல்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து அப்போதுதான் எடுத்த துணியின் வாசனை. கஞ்சியும் அட்டையும் கலந்தது. கோட்டை வாங்கி ஆணியில் மாட்டும்போது பார்த்தார். முழங்கை மடியும் இடத்தில் ஒரு சுருக்கம்கூட விழுந்திருக்கவில்லை.

"ஏங்க, என்னையே முறைச்சு முறைச்சுப் பாக்கறீங்க? நேத்துதான் கல்யாணம் ஆன மாதிரி."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி?"

காணாமல் போன சரக்கைத் தேடுவதற்குக் குடோனில் ஒரு கைக் கருவி உண்டு. தேட வேண்டிய டேக்கின் எண்ணை அதில் கொடுத்துவிட்டு நடந்தால் டிக்... டிக்... என்று சொட்டும். நெருங்க நெருங்கச் சொட்டு வேகமாகும். பழையது ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை மாலை. அக்கா சமையலறையில். அத்தான் அவளுடைய கோட்டைக் கூடத்து நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, வாசல்படியருகே போய் நின்று கருவியை நீட்டினார். டிக்டிக்டிக்டிக். இடைவெளியே இல்லை. சரி, வெறும் கோட்டு அப்படித்தான் படிக்கும். தான் போட்டுக்கொண்டு, பொத்தான் மாட்டி, கையால் பொத்திக்கொண்டார். சத்தம் நின்றது. இதுவும் சரி.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார். "இதைக் கொஞ்சம் போட்டுக்கிட்டு நில்லு."

"வீட்டுலயுமா டியூட்டி?" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுக்கொண்டாள். பழக்கத்தில் கை தானாகவே மார்புக்குப் போயிற்று.

டிக்டிக்டிக்டிக்.

நாற்காலியில் கிடந்தபோது எப்படியோ, அப்படியே. சமையலறைச் சுவருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். அப்போதும் அப்படியே. முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். டேக்குக்கும் கருவிக்கும் நடுவில் அவள் உடம்பு முழுவதும் இருந்தது. அப்போதும் அப்படியே.

அக்கா பேக்கிங் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தவள். எது படிக்கும், எது படிக்காது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பாமலே கேட்டாள்.

"பீரங்கிக்கும் இப்படித்தானே?"

அத்தான் கருவியை அணைத்தார்.

"அந்தப் பெரியவருக்கும்?"

"...ஆமா."

கோட்டைக் கழற்றி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"யார்கிட்டயாவது போய்ச் சொல்லலாமா?" என்றார் அத்தான்.

"என்னன்னு சொல்லுவீங்க? எம் பொண்டாட்டி உள்ள இல்லேன்னா? நான்தான் இருக்கேனே. பசிக்குது, கால் வலிக்குது, உங்க மேல கோவம் வருது. இதைவிட வேற எப்படி இருக்கணும்?"

அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் உள்ளே போனாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு அத்தான் அவளைத் தனியாக விடவில்லை. மாடிப்படி ஏறினால் பின்னாலேயே போனார். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம் என்றார். பேருந்தில் வேண்டாம் என்று ஆட்டோ வைத்தார். ஆட்டோவும் வேண்டாம் என்று நடத்திக் கூட்டிப்போனார். தூங்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். நாடி துடித்தது. அதை எண்ணிக்கொண்டே இருந்தார். எது வரும், எங்கிருந்து வரும் என்று தெரிந்தால்தானே குறுக்கே நிற்க முடியும்?

"விடுங்க. கை மரத்துப்போச்சு" என்பாள். விடமாட்டார்.

"செத்துட்டாங்களா?" என்றான் தம்பி. கேலி குரலிலிருந்து போயிருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை. மத்தியானம். துவைச்ச துணியை மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அத்தான் ஒரு கையெட்டுற தூரத்துலதான் உட்கார்ந்திருக்காரு. கண்ணை எடுக்கவே இல்ல. 'இந்தத் தலையணை உறையோட ஜோடி எங்க'ன்னு கேட்டாங்க. இவரு குனிஞ்சு கீழ கிடந்ததை எடுத்து நீட்டுறாரு... வாங்கல."

மருத்துவர் வந்து இதயம் என்று எழுதிக்கொடுத்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். மாலை, சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்கு முன்னால் வீட்டில் சற்று நேரம் யாரும் இல்லை. அத்தான் ஆணியிலிருந்து நீலக் கோட்டை எடுத்தார். அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, ஒவ்வொரு கையாக நுழைத்து, போட்டுவிட்டார். படுக்கவைத்து, வலக்கையை எடுத்து மார்புப் பைமீது வைத்தார். அலமாரியிலிருந்து அந்தக் கருவியை எடுத்தார். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது என்றாராம்.

நீட்டினார். சத்தம் இல்லை.

பக்கத்தில் கொண்டுபோனார். அவள் கையை இன்னும் அழுத்திப் பார்த்தார். கருவியைக் கைமீதே ஒட்டி வைத்துப் பார்த்தார். சத்தம் இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று தன் கோட்டு எண்ணைக் கொடுத்து, அது தொங்கிய ஆணிப் பக்கம் திருப்பினார். டிக்டிக்டிக்டிக். மறுபடி அவள் எண்ணைக் கொடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

ஒன்றும் இல்லை. ஒரு மனித உடம்பு எப்படி மறைக்குமோ, அப்படி மறைத்தது.

பெண் நிருபர் தன் சால்வையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார்.

"அப்போ அதுவரைக்கும் அந்தக் கோட்டுக்குள்ள இருந்தது..." என்று தம்பி ஆரம்பித்தான். ஓட்டுநர் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துணியால் துடைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவை அடக்கம் செய்தார்கள். அத்தான் வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினார்.