கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்

ஐயா, நீங்கள் கொடுத்த தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சர்க்கரை போடாமலே குடித்துப் பழகிவிட்டோம். என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய்; தினமும் ஊசி போட்டுக்கொள்பவள்.

வீட்டில் எல்லாவற்றையும் நான் ஏன் மாற்றினேன் என்ற காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல், படங்கள், வாசல் கேமரா என்று எங்கள் வீட்டில் எல்லாமே ஒரே கம்பெனியின் கணக்கில் ஓடின. மனைவியின் கையில் ஒட்டியிருந்த, ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் வில்லைகூட அதன் வழியாகத்தான் பேசியது. அளவு இறங்கினால் அவள் போன், என் போன், வேறு ஊரில் இருக்கும் அவள் தங்கையின் போன் மூன்றும் அலறும். தங்கை உடனே எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள்.

போன வருடம் ஒருநாள் காரணம் சொல்லாமல் என் கணக்கைப் பூட்டினார்கள். எத்தனை முறை எழுதினாலும் ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில். பிறகு, அதற்கும் காரணம் சொல்லாமல், திறந்துவிட்டார்கள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்காத ஒருவனை நம்பிக் குடித்தனம் நடத்த முடியுமா?

அலுத்துவிட்டது. ஒரு சின்னக் கணினி வாங்கி பீரோவுக்குள் வைத்தேன். எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு, அந்தக் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் இருந்த பழைய கணக்குகளை மூடினேன். புதுக் கணினியின் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒருவரிடம் இருந்தால் போதும்.

ஊரிலிருந்து வந்திருந்த அவள் தங்கை சிரித்தாள்.

“ஏன் மாமா, அக்காவுக்கு சுகர் இறங்கினா உங்க பீரோ நடந்து வந்து குளுக்கோஸ் கலக்கிக் குடுக்குமா?”

“நான் இருக்கேன்ல?”

“நீங்க எங்க இருக்கீங்க? ஏதாவது லிஃப்ட் மேல உக்காந்து ரிப்பேர் பண்ணிட்டிருப்பீங்க.”

நானும் சிரித்தேன். புது ஏற்பாட்டில் எச்சரிக்கை என் போனுக்கு மட்டும் வரும். மற்ற இருவரையும் சேர்ப்பது சின்ன வேலைதான். சேர்க்கவில்லை. என் மனைவி எதற்கும் என்னைக் கேட்கிறவள் இல்லை. அந்தப் பழக்கம் போகட்டும் என்று நினைத்தேன்.

“என்னங்க, என் போன்லயும் சத்தம் வர்ற மாதிரி வச்சுக் குடுங்களேன். பயமா இருக்கு.”

“பாக்கலாம்.”

பிறகும் கேட்டாள். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

சம்பவத்தன்று காலை அவள் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “மறுபடி அந்தக் கம்பெனியிலயே போய்ச் சேர்ந்துக்கறேன்டி. இவர்கிட்ட கெஞ்சி முடியல.” அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வையாளன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கைக்கு ஆள் போகாது. அதில் பாதிக்கு மேல் பொய். உள்ளே மாட்டிக்கொண்டவர் மணியை அழுத்திப் பேசினால்தான் கிளம்புவோம்.

மதியம் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தேன். போன் அலறியது. பார்த்தேன், அணைத்தேன். மறுபடி அலறியது, அளவு இன்னும் இறங்கியிருந்தது.

“வீட்டுலேர்ந்தா?” என்றார் கூட வேலை செய்தவர்.

“இல்ல, மெஷின்.”

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவளே கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த அளவுக்கு இறங்கினால் அவளுக்கு நாக்குக் குழறும், விரல் நடுங்கும், எண் அழுத்த வராது. தெரியும். முன்பெல்லாம் நான்தான் தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் இனிப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

சாயங்காலம் வேலையை முடித்து, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தரையில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கையில் போன். அந்தக் கம்பெனியின் பக்கம், அவளுடைய பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டபடி திறந்திருந்தது. கட்டத்துக்குள் தாறுமாறாக எழுத்துகள்.

அலறியது எனக்குக் கேட்டது. போகவில்லை. போகாததால் செத்தாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: கடைசி நேரத்திலும் அவள் கூப்பிட்டது அந்தக் கம்பெனியைத்தான், என்னை இல்லை.