கார்ப்பெட் வெட்டிய சாமிக் கத்தி

கார்ப்பெட்டை முகப்பக்கம் வைத்து வெட்டக் கூடாது சார். புரட்டிப் போட்டு முதுகுப்பக்கம்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் பிசிறு வராது. இந்தப் போலீஸ் ஸ்டேஷன் விரிப்பை எவனோ அவசரக்காரன் வெட்டியிருக்கிறான், ஓரமெல்லாம் நூல் தொங்குகிறது. நான் சொல்வதை நீங்கள் அதிகாரிக்கு அரபியில் மாற்றிச் சொல்லப் போகிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் கத்தி. நான் விமானம் ஏறுவதற்கு முன்னால், எங்கள் குலசாமி கருப்பர் கோவில் பூசாரி அதன் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, பூசை போட்டுக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறெதையும் அது வெட்டக் கூடாது, அதுதான் கட்டு. கேம்ப்பில் ரூம் செக்கிங் வந்தால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று டூல் பேக்கில் போட்டு தினமும் டியூட்டிக்கு எடுத்துப் போவேன். அது பக்கத்தில் இல்லாமல் கேம்ப் வாசலில் இருக்கிற குசைஸ் ரோட்டைக் கடக்கக்கூட எனக்குப் பயம். சிரிக்காதீர்கள் சார். பயந்தவனுக்குத்தான் தெரியும் பயத்தின் அருமை.

ஒருநாள் காலையில் சைட் கேட்டில் சேஃப்டி ஆபீசர் நிஜாம் பாய் என்னை நிறுத்தினார். கீழக்கரைக்காரர், நல்ல மனுஷர். வேறு யார் பையையும் பார்க்காமல் நேராக என் பைக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்தார்.

"என்னப்பா கார்மேகம், குங்குமமெல்லாம் இருக்கு?"

"வேலைக் கத்திதான் பாய்."

"வேலைக் கத்தின்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல. உறையில போட்டு, டூல் பேக்ல வச்சு, டியூட்டிக்குக் கொண்டு வரலாம். வேற எதுக்காச்சும்னா போலீஸ் கேஸாயிடும், நான்கூட காப்பாத்த முடியாது. எங்க, வெட்டிக் காட்டு பாப்போம்."

செக்யூரிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். வெட்டினேன். ஊரார் செருப்புக்காலோடு மிதிக்கிற கார்ப்பெட்டைக் கருப்பர் கத்தியால் வெட்டினேன் சார். வெட்டும்போது கட்டைவிரலிலும் கீறிவிட்டது. நிஜாம் பாய் சிரித்தபடி, "சரி, வச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டப்படி எல்லாம் சரியாகிவிட்டது. எனக்குத்தான் எதுவும் சரியாகவில்லை. கருப்பர் ரத்தம் கேட்டுவிட்டார். என்னைக் கேட்பாரா, ஊரில் இருக்கிற என் மகள் அருணாவைக் கேட்பாரா என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

பிறகு யோசித்தேன். நானாக வெட்டவில்லையே. யாரோ போட்டுக் கொடுத்ததால்தானே வெட்டினேன். அப்படியானால் பாவம் அவனுடையது. அது சாமிக் கத்தி என்று தெரிந்தவன் மணிமாறன் ஒருவன்தான். எங்கள் ஊர்ப் பையன், நான்தான் விசாவுக்குச் சொல்லி வரவழைத்தேன்.

வெள்ளிக்கிழமை ரூமில் கத்தியைத் தரையில் வைத்து அவனைத் தாண்டச் சொன்னேன். கருப்பர் கத்தியைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்தவன் அடுத்த அமாவாசையைத் தாண்ட மாட்டான். எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே, கருப்பர் மேல சத்தியம்" என்று தாண்டினான். கால் நடுங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவன் நன்றாக இருந்தான் சார். அதுதான் சங்கடம். வயிறாரச் சாப்பிட்டான், வீடியோ காலில் பெண்டாட்டி கனகாவோடு கொஞ்சினான். ஒரு தும்மல்கூட வரவில்லை. அமாவாசை நெருங்க நெருங்க நான் நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன். அவன் உயிரோடு இருந்துவிட்டால் சொன்னது உண்மை என்றாகிவிடும். உண்மை என்றால் பாவம் திரும்ப என்னிடமே வரும். அருணாவுக்கு வயது ஆறு.

அமாவாசையன்று காலையில் மூன்றாம் மாடியில் வேலை. ஏசி டக்ட் இறக்குவதற்காகத் தளத்தில் ஆள் நுழையுமளவு ஓட்டை விட்டு, மேலே பிளைவுட் போட்டிருந்தார்கள். பிளைவுட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். ஓட்டையின் மேல் கார்ப்பெட்டைச் சுருக்கமில்லாமல் விரித்தேன். என் கைவேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

"மணி, அந்த மூலையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பா."

"இந்தா வந்துட்டேண்ணே."

நான் அவனைத் தொடவில்லை. கருப்பர் நினைத்திருந்தால் தாங்கிப் பிடித்திருக்கலாம், வழியை மட்டும்தான் நான் விட்டேன். கத்தி அன்றைக்கு முழுக்க உறைக்குள், டூல் பேக்கில்தான் இருந்தது. அதை அதிகாரியிடம் தெளிவாகச் சொல்லுங்கள், கத்தி விஷயத்தில் நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு, போட்டுக் கொடுத்தவனைக் கருப்பர் கேட்டுவிட்டார் என்று நிஜாம் பாயிடம் சொன்னேன். அவர் அழுதுகொண்டே என்னிடம் கேட்டார். "அந்தப் புள்ள எங்கிட்ட சொன்னான்னு யாருய்யா ஒனக்குச் சொன்னது? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஒன் பை ஜிப்பு வாயைப் பொளந்துக்கிட்டு கெடந்துச்சு, பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, நானே பாத்தேன்."

அவர் நல்ல மனுஷர்தான், இருந்தாலும் இந்த விஷயத்தில் பொய் சொல்கிறார். நேற்றுத்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள் சார். மணிமாறன் சொல்லவில்லை என்றால், அமாவாசையன்று பார்த்து அவன் ஏன் சாக வேண்டும்?