பத்தாவது கேள்வி

எனக்குப் பரீட்சை எழுதப் பிடிக்கும். நாற்பத்தெட்டு வயதில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். எங்கள் மருத்துவமனை மருந்தகத்தில் ஆறு பேர். ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் இணையத்தில் பன்னிரண்டு பாடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். ஒருத்தர் விட்டாலும் மருந்தகத்தை மூடிவிடுவார்கள். கூட்டம் நெரிகிற கவுண்டரில் யாருக்கு நேரம் இருக்கிறது? பொறுப்பாளர் நான். எல்லாருடைய கடவுச்சொல்லும் என்னிடம் இருந்தது. நாலு வருஷமாக ஆறு பேருக்கும் நானே எழுதினேன்.

மருந்தகம் மூடினால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால், மூன்றாம் மாடியில் என் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிற படுக்கையும் இல்லை. அது ஊழியர் குடும்பத்துக்கு மட்டும். "நீ இருக்கிற வரைக்கும்தான் நான்" என்பார். பேச்சுக்குச் சொன்னதல்ல அது. நாலு வருஷமும் எனக்குப் பயமாகவே இருந்தது.

எங்களில் ஒருத்தியை ரேடியோ என்று கூப்பிடுவோம். வாய் ஓயாது. போன வருஷப் பரீட்சையின் கடைசி நாளன்று என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, அந்த மூட்டுவலி மாத்திரைப் பாடத்த மட்டும் நானே படிக்கிறேனே. அதுல எனக்குக் கொஞ்சம் குழப்பம்."

"அஞ்சு மணிக்குப் பரீட்சைய மூடிடுவாங்கடி. நீ போய்க் கவுண்டரைப் பாரு, நான் பாத்துக்கறேன்."

பதினொன்றரை மணிக்கு, அவள் பெயரில் ஒன்பதாவது கேள்வியில் இருந்தேன். அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்? வாரத்துக்கு ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. சரியான விடையைத் தட்டினேன். அப்போது அவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். மருந்து வெளியே போகுமுன் இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டேன்.

நாலு மணிக்குப் பதிவேட்டைப் புரட்டும்போது பார்த்தேன். அதே மாத்திரை. டாக்டர் எழுதியது வாரம் ஒன்று, நாங்கள் கொடுத்தது தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள். கீழே என் கையெழுத்து. வாங்கியவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். தொலைபேசி எண்ணும் இருந்தது. இன்னும் இரண்டு பேருடைய பரீட்சை பாக்கி. நாளைக்குக் கூப்பிடலாம் என்று விட்டேன். மறுநாள், ஏன் நேற்றே கூப்பிடவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது.

பதினேழாம் நாள், வாயெல்லாம் புண்ணாகி அவரை எங்களிடமே தூக்கி வந்தார்கள். இருபதாம் நாள் இறந்துபோனார். அவர் மகள் மீதி மாத்திரையைக் கவுண்டரில் வைத்தாள். "அப்பா ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டாருங்க" என்றாள். நல்ல பெண்.

விசாரணையில் ரேடியோவின் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். அதே நாள், அதே பாடம், பத்துக்குப் பத்து. தெரிந்தும் அலட்சியம் என்று எழுதி, அவள் உரிமத்தைப் பறித்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

எல்லார் முன்னாலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கதான் எழுதினீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. எனக்குக் கைக்குழந்தை இருக்கு."

"உன் பரீட்சைய நான் எதுக்குடி எழுதப் போறேன்?" என்றேன். மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அதன் பிறகு ரேடியோ பேசவில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். இனி இதைச் சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை, அதனால்தான் வாக்குமூலம் கொடுக்க உங்களிடம் வந்தேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். தொழில் தெரியாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பாடத்தின் பத்தாவது கேள்வி, மருந்தைத் தவறாகக் கொடுத்தது தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. நோயாளியை உடனே கூப்பிட வேண்டும். முதல் சில நாட்களுக்குள் என்றால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதையும் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.