தரையைத் தொட்ட திரை

தலைமை மேசையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அம்மையார் அவர்களே, மதியப் படகில் வந்து மாலைப் படகில் திரும்பவிருக்கும் நம் கட்சியின் மாவட்டத் தலைவர் எய்லெர்ட் பிரான்வோல் அவர்களே, ஹல்வாரின் மனைவி போர்ஹில் அண்ணி அவர்களே, மகள் ராக்னி, ஸ்கோல்வா தீவின் பெரியவர்களே, தாய்மார்களே, நான் எப்போது முடிப்பேன் என்று கேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்வார்டின் வணக்கம்.

இந்தத் தீவுக் கிளையின் தலைவராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த ஹல்வார் நெஸ்ஹெய்ம் அவர்களை இன்று காலை மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். நான் துக்கத்தோடு மட்டும் இங்கே நிற்கவில்லை, சந்தேகத்தோடும் நிற்கிறேன். ஹல்வாரின் கூடவே ஆயுள் முழுக்கத் திரிந்தவன் வேறு எப்படி நிற்பான்?

யார் இந்த ஹல்வார்? வானொலியில் மழை என்று சொன்னால் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்க்கிற மனுஷன். நனைந்த பிறகும், "ஓஸ்லோக்காரன் ஒரு தடவை சரியாச் சொல்லிட்டான், அதுக்காக நம்பிட முடியுமா?" என்பார். ராஜாவை நம்புவார், கடவுளை நம்புவார், போர்ஹில் அண்ணியின் மீன் சூப்பை நம்புவார். அதற்குப் பிறகு நம்பிக்கைக்கு உரியவர்கள் யாரும் அவருக்குத் தட்டுப்படவில்லை. ஆட்சியில் இருப்பது எதிர்க்கட்சியானால் திருடர்கள் என்பார். நம் கட்சியானால், "நம்மாளுங்கதான், ஆனா சாவியைக் கொடுத்துடாதே" என்பார்.

சொத்து வரி என்று யாராவது வாயெடுத்தால் போதும், அவர் காது மடல் சிவந்துவிடும். ஆனால் அவரை உண்மையில் எரிச்சல்படுத்தியது பணம் இல்லை, கேள்விதான். அரசாங்கம் ரொம்பக் கேள்வி கேட்கிறது என்பதுதான் அவருடைய ஒரே அரசியல். "என் ஆட்டுக் காதுல நம்பர் தொங்குது. என் வருமானத்தை ஊர்ல எவன் வேணும்னாலும் பார்க்கலாம். நான் எப்ப அடுப்பு பத்த வச்சேன்னு மின்சார மீட்டர் தானாப் போய்ச் சொல்லுது. இந்த நாட்டுல என்கிட்ட யாரும் கேட்கக் கூடாத கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், அந்த ஓட்டுப் போடுற திரைக்குள்ள என்ன செஞ்சேங்கிறது." இதை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை என்றேன். ஆமாம், அதைச் சொல்லாமல் ஹல்வாரைப் பற்றிப் பேச முடியாது. மழையோ பனியோ, அந்தக் குடும்பம் ஞாயிறு காலை மலை ஏறும். போர்ஹில் அண்ணி பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் குடுவை நிறையக் கோக்கோவும் எடுத்துவருவார். பை நிறைய ஆரஞ்சு ஹல்வாரின் முதுகில் இருக்கும். பெண்டாட்டி பிள்ளை இல்லாத நான் கடைசியில் ஒட்டிக்கொண்டு போவேன். ஹல்வார் தன் அரசியலையெல்லாம் ஏற்றத்துக்கு என்று சேர்த்து வைத்திருப்பார். ஏன் தெரியுமா? ஏறும்போது பதில் சொல்ல யாருக்கும் மூச்சு இருக்காது. தந்திரக்காரர்! ஆனால் ராக்னிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதானபோது அவளும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவார். அப்போது இவள் தன் அரசியலை ஆரம்பிப்பாள். ஏற்றம் முழுக்க வலதுசாரி, இறக்கம் முழுக்க இடதுசாரி. உச்சியில் மட்டும் அரசியல் கிடையாது என்று அண்ணி சட்டம் போட்டிருந்தார். அங்கே யாராவது வம்புக் கேள்வி கேட்டால் ஹல்வார் பதில் சொல்ல மாட்டார், ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டுவார். வாய் நிறைய ஆரஞ்சை வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவது?

அவர் செய்த சேவைகளைப் பட்டியல் போட என்னால் முடியாது, போட்டால் அவருக்கும் பிடிக்காது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் தீவின் வாக்குச்சாவடியை மூடிவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் போய் ஓட்டுப் போடச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? அதைத் தடுத்தவர் ஹல்வார். தடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? அப்போது நம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அட்டை மறைப்புதான் வைத்திருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு கட்சியின் வேட்பாளர் பெயர்கள் அச்சடித்த சீட்டும் தனித்தனி அடுக்காக இருக்கும், நாம் ஒன்றை எடுத்து மடிக்க வேண்டும். ஹல்வார் அதைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போட மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். "முழங்கை தெரியுதே! முழங்கை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தாலே எந்தக் கட்சின்னு தெரிஞ்சுடும்." சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது உண்மைதானே? நாம் எல்லோரும் முழங்கையைப் பார்த்துக்கொண்டுதானே வரிசையில் நின்றோம்? அடுத்த தேர்தலுக்குப் போர்ஹில் அண்ணி கனத்த நீலத் துணியில் திரை தைத்துக் கொடுத்தார். தரையைத் தொடுகிற திரை. உள்ளே நிற்பவரின் காலணிகூடத் தெரியாது.

நண்பர்களே, அந்தத் திரைதான் அவருக்கு வினையாக வந்தது.

இந்தத் தீவில் நம் கட்சிக்குப் பதினோரு ஓட்டு. எப்போதும் பதினொன்று. அந்தப் பதினோரு பேரும் யார் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் தேர்தல் இரவில் ஹல்வார் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து வாஃபிள் தின்பவர்கள் அவர்கள்தான். சென்ற செப்டம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. இடதுசாரிகளின் மாவட்டப் பட்டியலில் கீழே எங்கேயோ ஒரு பெயர், ராக்னி நெஸ்ஹெய்ம். ஜெயிக்கப் போகிற இடம் இல்லை. ஆனாலும் அச்சில் வந்த பெயர்.

அன்று ஹல்வார் திரைக்குள் போனார். வழக்கமாகப் போன வேகத்தில் வந்துவிடுவார். அன்று வரவில்லை. பின்னால் நின்ற நாங்கள் இருமினோம். அவருக்கு மயக்கம் ஏதாவது வந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன், காலணி தெரிந்தால்தானே! கடைசியில் வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். ராத்திரி வாஃபிள் தின்றுகொண்டிருந்தபோது முடிவு வந்தது. நமக்குப் பத்து. இடதுசாரிகளுக்கு எப்போதையும்விட ஒன்று கூடுதல். அந்த வருஷம் யாரும் சாகவில்லை, யாரும் ஊரைவிட்டுப் போகவுமில்லை. பதினோரு பேரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினோம்.

நான் சந்தேகப்பட்டேனா? பின்னே! முதலில் ஹல்வாரை. பிறகு அண்ணியை. போர்ஹில் அண்ணி, நீங்கள் அன்று எனக்கு இன்னொரு வாஃபிள் வைத்தீர்கள், அந்த வாஃபிளையே சந்தேகப்பட்டேன். வாய் பொறுக்காமல், "யாரு அது?" என்று கேட்டும்விட்டேன். ஹல்வார் எழுந்து அலமாரியிலிருந்து ஆரஞ்சுக் கூடையை எடுத்து மேசை நடுவில் வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் இறங்கவில்லை.

அக்டோபரில் நம் எய்லெர்ட் வந்தார். ஹல்வாரின் சமையலறையில் நானும் இருந்தேன். எய்லெர்ட் நல்லவிதமாகத்தான் கேட்டார், அதை மறுக்கவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. எப்பவும் போடுறதைத்தான் போட்டேன்னு சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சுது. நீங்கதான் தலைவர்."

"சொல்லிடலாம். சொன்னப்புறம் நீ எங்கே போவே?"

"படகுக்குத்தான்."

"போக மாட்டே. அடுத்த ஆள்கிட்டப் போவே. அவனும் இல்லைம்பான். அதுக்கடுத்த ஆள். சாயங்காலத்துக்குள்ள யாரோ ஒருத்தர் பதில் சொல்ல முடியாம உன் முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பாங்க. அப்புறம் இவ தைச்ச திரை எதுக்கு? கிழிச்சுக் கால் துடைக்கலாம்."

"அப்ப நீங்கதான்னு ஊரே நினைக்குமே."

"நினைக்கட்டும்பா. நினைக்கிறதுக்கு இன்னும் வரி போடல."

ஜனவரிக் கூட்டத்தில் அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தார்கள். கிளையின் பெரிய காப்பிக் குடுவையைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, குல்லாயைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு "இல்லை" சொல்லியிருந்தால் போதும்! அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆயுள் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்ட மனுஷனை ஊரே சந்தேகப்பட்டது. அவரோ யாரையும் சந்தேகமாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

ஈஸ்டருக்கு மலை ஏறினோம். அதுதான் கடைசி. அண்ணி, ராக்னி, நான், அவர். அந்தத் தடவை ஏற்றத்தில் அவர் அரசியல் பேசவில்லை, அவருக்கே மூச்சு இல்லை. இனி நான் சொல்லப்போவதை ராக்னியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். உச்சியில் நான் காலணிக் கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்திருந்தேன். அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு மட்டும் சொல்லுங்க. நீங்கதானே?"

அவர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அவள் விடவில்லை.

"உச்சியில அரசியல் இல்லன்னு சொல்லாதீங்க. இது அரசியல் இல்லப்பா."

ஹல்வார் உரிப்பதை நிறுத்தினார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"உன்கிட்ட மட்டும் சொன்னாலும் சொன்னதுதான், கண்ணு. என்ன செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். ஆனா உன் பேரு அந்தச் சீட்டுல இருந்துச்சு. அதைக் கையில எடுத்துப் படிச்சேன். திரும்பவும் படிச்சேன். கண்ணாடி மங்கிப்போச்சு, துடைச்சுட்டு இன்னொரு தடவை படிச்சேன். அதான் நேரமாயிடுச்சு. பின்னாடி இந்தச் சிக்வார்ட் வேற இருமிக்கிட்டே இருந்தான்."

பிறகு ஆரஞ்சைப் பிட்டுப் பாதியை அவள் கையில் வைத்தார். அவள் அழுதுகொண்டே தின்றாள். அதற்குப் பிறகு ஆடுகள் குட்டி போடும் காலத்தில், கொட்டகையிலேயே அவர் இதயம் நின்றது. அவள் கேட்டதற்குப் பதில் கிடைக்கவே இல்லை.

எய்லெர்ட் அவர்களே, நீங்கள் குறித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். தாராளமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்ற மகளின் பெயரைப் படிப்பது எந்தக் கட்சியிலும் குற்றம் இல்லை.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசிய எய்லெர்ட், ஹல்வாரைப் புகழ்ந்தார். ரொம்ப அழகாகப் புகழ்ந்தார். முடிக்கும்போது, "ஒரு தகப்பனின் மனம் தடுமாறியதைக் கட்சி பெருந்தன்மையோடு மன்னிக்கிறது" என்றார். மன்னிப்பா? எதற்கு மன்னிப்பு? எதைக் கண்டுபிடித்தீர்கள்? உயிரோடு இருந்தபோது வாய் திறக்காத மனுஷன், செத்த பிறகு மறுக்க மாட்டார் என்ற தைரியமா? அதோடு விட்டீர்களா? இந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கோட்டு மாட்டுகிற இடத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்: "அவர்தான் போயிட்டாரே, இனி என்ன? நான் இல்லைன்னு நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை சொல்லிட்டா கதை முடிஞ்சுது." இன்னும் சிலரிடமும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அவர்கள் கோட்டை மாட்டிவிட்டு வந்தபோதே முகத்தில் தெரிந்தது.

நண்பர்களே, பதினோரு பேரில் ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார். மீதிப் பத்துப் பேர் இந்தக் கூடத்தில் இருக்கிறோம். காலையிலிருந்து பத்து முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஷேவ் பண்ணும்போது என் முகத்தையும் சேர்த்து. ஒன்றும் பிடிபடவில்லை. அவராகவும் இருக்கலாம். இங்கே இறால் ரொட்டியை மென்றுகொண்டிருக்கும் ஒருவராகவும் இருக்கலாம். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு இதைச் சொல்கிறேன்: உங்கள் பக்கம் யாரும் திரும்பக் கூடாது என்றுதான் ஹல்வார் வாயைக் கட்டிக்கொண்டு பதவியை விட்டார். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை. இன்று வந்து ஒப்புக்கொண்டு அவர் செய்ததைப் பாழாக்கிவிடாதீர்கள். காப்பியைக் குடியுங்கள்.

ராக்னி, அது அப்பாதான் என்று உன்னிடம் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. அவர் இல்லவே இல்லை என்று கட்சிக்காரர்களிடம் அடித்துச் சொல்லவும் ஆசையாக இருக்கிறது. இரண்டையும் சொல்ல முடியாது அம்மா. உனக்கு அவர் விட்டுப்போனது மூன்று தடவை படித்ததைத்தான். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுக்கிறேன். நான் அந்தப் பதினொன்றில் ஒருவன். நான் என்ன போட்டேன் என்று சொல்ல மாட்டேன். "நான் இல்லை" என்றும் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் சொல்ல மாட்டேன், என் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எய்லெர்ட் கேட்டாலும் சொல்ல மாட்டேன். மீதி ஒன்பது பேருக்கும் இதில் சம்மதம் என்றால், தயவுசெய்து கையைத் தூக்காதீர்கள். தலையை ஆட்டாதீர்கள். சும்மா உட்கார்ந்திருங்கள், போதும்.

நன்றி. எல்லோரும் சும்மாதான் இருக்கிறீர்கள்.

வரும் ஞாயிறு காலை, வழக்கமான நேரத்துக்கு, அண்ணி வீட்டு வாசலிலிருந்து மலை ஏறுகிறோம். ஏற்றத்தில் ஹல்வார் சொன்னதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வருவேன், மூச்சு இருக்கிறவர்கள் பதில் சொல்லலாம். இறக்கம் ராக்னியுடையது.

எய்லெர்ட் அவர்களே, உங்கள் படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வேறு யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டுமென்று தோன்றினால் முதலில் என்னிடம் வாருங்கள். பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்திருக்கிறேன்.