மூன்றாவது கல்

கைநாட்டு வேண்டாம் சார். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் சோலையப்பன் என்று கோணல்மாணலாக எழுதிவிடுவேன். முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அடுத்தவர் எழுதியதை நம்பி நான் கையெழுத்துப் போடுவதில்லை.

நார்த்தாமலைப் பக்கம் முப்பத்தெட்டு வருசம் கல் உடைத்தேன். சுத்தியல் விழும் சத்தத்திலேயே நல்ல கல்லா, சொத்தையா என்று சொல்லிவிடுவேன். மனுசனைத்தான் அப்படித் தட்டிப் பார்க்க முடிவதில்லை.

பெண்டாட்டி போனபிறகு எனக்கென்று இருந்தது மகள் இளமதி ஒருத்திதான். தை மாதம் உதயசூரியனுக்குக் கட்டிக் கொடுத்தேன். சிங்கப்பூரில் வேலை. அவளை அழைத்துப் போக வந்தவன் ஒரு வைர மோதிரம் வாங்கி வந்தான். வரிசையாக மூன்று கல். வெயிலில் விரலை ஆட்டினால் சுவரெல்லாம் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் ஓடும். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் அவள் கையை விடவே இல்லை. "மூணும் கண்ணு மாதிரில்லடி முழிக்குது" என்றாள்.

மூன்று எதற்கு என்று கேட்டேன்.

"ஒண்ணு போன காலம்ப்பா. நடுவுல உள்ளது இப்ப. மூணாவது இனிமே வரப்போறது."

"இதுல நான் எந்தக் கல்லு ஆத்தா?"

"நீங்க மொதக் கல்லுப்பா" என்று சிரித்தாள்.

மாப்பிள்ளையும் சிரித்தான். "ஆயுசுக்கும் ஒடைச்ச கல்லக் குவிச்சாலும் இதுல ஒண்ணுக்கு ஈடாகுமா மாமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பயணம். அந்தக் கல் அசல்தானா என்று யாருக்குத் தெரியும்? போலிக் கல்லைக் கொடுக்கிறவன், கண்காணாத ஊரில் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான்? புதன்கிழமை காலை மாவு பிசைய மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வைரத்தை அடித்தால் சுத்தியல்தான் நசுங்கும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று குவாரியில் எல்லாரும் சொல்வார்கள். மூன்றாவது கல்லில் ஒரே அடி. மாவாகிப் போனது.

மனசு லேசானது. இனி அவள் போகவேண்டியதில்லை.

அவளிடம் காட்டியிருக்கலாம் என்கிறீர்கள். காட்டினால் அவனைத்தான் போய்க் கேட்பாள். அவன் சொல்வதைத்தான் நம்புவாள்.

மத்தியானம் கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. "போறதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துர்றேன் மாமா" என்று அவனே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். எழுபது அடி. அடியில் முழங்கால் தண்ணீர், அதற்குக் கீழே பாறை. கொஞ்சம் இறங்கியதும் கேட்டான்.

"நல்லாப் புடிச்சிருக்கீங்களா மாமா?"

"புடிச்சிருக்கேன் மாப்ள."

கயிற்றை நான் அறுக்கவில்லை. கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

என் சட்டைப்பையில் இருந்த மோதிரத்தை நீங்கள் நகை ஆசாரியிடம் காட்டினீர்கள். அசல் வைரம்தான், ஓங்கி அடித்தால் அசலும் உடையும் என்றாராம். முன்பின் தெரியாதவர் பேச்சை நான் எப்படி நம்ப? இளமதியும் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து என் முகத்தில் விழிக்கவில்லை. உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் சார், அவளை ஒரு தடவை வரச் சொல்லுங்கள். மோதிரத்தில் இன்னும் இரண்டு கல் இருக்கிறதே. ஒரு சுத்தியல் கொடுங்கள், அவள் கண் முன்னாலேயே அடித்துக் காட்டுகிறேன்.

நடுக்கல்லை மட்டும்தான். முதல் கல்லை யாரும் தொடவேண்டாம். அது நான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.